கை முதலில், கால் பிறகு

கையுறை தரையில் விழுந்தது. பன்னிரண்டாவது முறை.

வாள்வீச்சுக் கூடத்தில் பயிற்சி இவ்வளவுதான்: எதிரில் ஒருவர் தோள் உயரத்தில் ஒரு கையுறையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், சொல்லாமல் விடுவார், நீங்கள் ஒரே பாய்ச்சலில் போய் அது தரையைத் தொடுவதற்குள் பிடிக்க வேண்டும். தோள் உயரத்திலிருந்து ஒரு பொருள் கீழே வர ஏறக்குறைய அரை வினாடி ஆகும். அரை வினாடி போதும் என்றுதான் நானும் நினைத்தேன். பத்து வருடம் சிலம்பம் சுற்றிய கைக்கு ஒரு கையுறையைப் பிடிக்கத் தெரியாதா?

எதிரில் நின்ற பெண் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, எனக்கு முன்னால் ஆறு மாதம் சேர்ந்தவள். குனிந்து கையுறையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “அண்ணா, நீங்க காலத்தான் முதல்ல எடுக்குறீங்க. கை அப்புறமா வருது.”

“இல்லம்மா, ரெண்டும் ஒண்ணாத்தானே போகுது?”

“ஒண்ணா போகக்கூடாது. கை நீளணும். நீண்டதுக்கு அப்புறம் கால் கிளம்பணும். கோச் அதத்தான் சொல்லிட்டே இருக்காரு.”

அடுத்த முறை காலைப் பற்றி நினைக்கவே இல்லை. கையுறை அசைந்ததும் கையை மட்டும் நீட்டினேன், கால் தன்பாட்டுக்குப் பின்னால் வந்தது. கையுறை என் முழங்கால் உயரத்தில் விரல்களுக்குள் இருந்தது. அந்த ஒரு நொடியில்தான் இந்த விளையாட்டு எனக்குள் நுழைந்தது என்று சொல்வேன். புதிதாகச் சேர நினைக்கிறவர்களுக்கு நான் எழுத வந்ததும் இதைத்தான். மற்ற எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

முதலில் நான் எப்படி அங்கே போனேன் என்று கொஞ்சம். எனக்கு ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். பெரியப்பா சிலம்பம் சொல்லிக்கொடுப்பார். நெற்றி உயரத்துக்கு வெட்டிய மூங்கில் கம்பு, ஆற்றங்கரை மணல், சாயங்காலம் இருட்டும்வரை கால்மானம் என்கிற அடிவைப்புப் பயிற்சி. வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. கம்பை எடுத்துச் சுற்ற இடமும் நேரமும் அமையவில்லை. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தபோது இங்கே கொவிட் கட்டுப்பாடுகள் மறுபடியும் இறுகி, உணவங்காடியில் உட்கார்ந்து சாப்பிட முடியாத வாரம் அது. பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் கைப்பேசியில் பார்த்தேன். சென்னைப் பெண் பவானி தேவி சேபர் என்ற வாள் வகைப் பிரிவில் முதல் ஆட்டத்தில் துனீசியாவின் நாதியா பென் அசீசியை 15-3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் ப்ருனேயிடம் 7-15 என்று தோற்றார். ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர். பள்ளியில் தொடங்கிய காலத்தில் மூங்கில் குச்சியை வைத்துப் பழகியதாக அவர் சொன்னதைப் படித்தபோது எனக்கு உள்ளங்கை அரித்தது. அதே ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் அமிதா பெர்தியேயும் ஃபாயில் என்ற இன்னொரு வாள் வகைப் பிரிவில் இறங்கினார். ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் சிங்கப்பூரர். நான் பிறந்த ஊர்ப்பக்கமும் பிழைக்கும் ஊரும் ஒரே வாரத்தில் ஒரே விளையாட்டில் வாள் பிடித்து நின்றன. அதற்குப் பிறகும் நாலு வருடம் தள்ளிப்போட்டு, நாற்பதைத் தாண்டித்தான் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகு எனக்கு முதலில் உறுத்தியது ‘வாள்வீச்சு’ என்ற சொல்தான். வழக்கத்தில் நிலைத்துவிட்ட சொல், அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் தொடக்கத்தில் பெரும்பாலானவர்கள் கையில் எடுக்கும் ஃபாயிலில் வீச்சே கிடையாது. நுனியால் குத்துவது மட்டும்தான். மூன்று வகை வாள்கள் இருக்கின்றன. ஃபாயிலில் உடற்பகுதியில் மட்டும் நுனி பட வேண்டும், கையும் காலும் தலையும் கணக்கில் வராது. எப்பேயில் உச்சி முதல் பாதம்வரை எங்கே பட்டாலும் புள்ளி. சேபரில் இடுப்புக்கு மேலே, நுனியாலும் தொடலாம், விளிம்பாலும் வெட்டலாம். பவானி தேவி ஆடுவது இது, இதற்கு மட்டும் வீச்சு என்ற சொல் பொருந்தும். ஃபாயில் 500 கிராமுக்குள், மொத்த நீளம் 110 சென்டிமீட்டருக்குள். கையில் வாங்கியதும் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். என் மூங்கில் கம்பு இதைவிடக் கனம். வீசிப் பழகிய கைக்கு இந்த லேசுதான் முதல் கஷ்டம், ஏனென்றால் வீசினால் நுனி எங்கேயோ போய்விடும், திரும்பி வருவதற்குள் எதிராளி உங்கள் மார்பைத் தொட்டிருப்பார்.

முதல் இரண்டு வாரம் வாளே தர மாட்டார்கள். வருத்தப்படாதீர்கள். நிற்பது எப்படி என்று கற்றுக்கொள்ளவே அது போதாது.

முன் பாதம் எதிராளியை நேராகப் பார்க்க வேண்டும். பின் பாதம் அதற்குச் செங்குத்தாக, குதிகால்கள் இரண்டும் ஒரே கோட்டில். நடுவில் ஏறக்குறைய உங்கள் தோள் அகலம். முழங்கால்கள் இரண்டும் மடங்கி, எடை இரண்டு காலுக்கும் சமமாக. முதுகு நிமிர்ந்து இருக்கட்டும், முன்னால் சாய வேண்டாம். வாள் பிடித்த கையின் முழங்கை விலாவிலிருந்து ஒரு சாண் தள்ளி, நுனி எதிராளியின் மார்பைப் பார்த்தபடி. படிக்கும்போது சுலபம். ஐந்து நிமிடம் அப்படியே நின்று பாருங்கள், தொடையில் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும். என் பின் பாதம் ஒவ்வொரு முறையும் மெல்ல மெல்ல முன்னோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. நடந்து பழகிய உடம்பு இரண்டு பாதமும் ஒரே திசை பார்க்கத்தான் விரும்பும். பயிற்றுநர் பேசாமல் வந்து என் குதிகாலைத் தன் காலணியால் லேசாகத் தட்டிவிட்டுப் போவார். அந்தத் தட்டல் இப்போது அவர் இல்லாதபோதும் எனக்குக் கேட்கிறது.

அப்புறம் நடை. முன்னேறும்போது முன் கால் முதலில், பின் கால் அதே அளவு தொடரும். பின்வாங்கும்போது பின் கால் முதலில். கால்கள் ஒன்றையொன்று தாண்டக்கூடாது, இழுக்கவும் கூடாது, நடுவில் இருக்கும் இடைவெளி எத்தனை அடி வைத்தாலும் மாறக்கூடாது. தலை மேலும் கீழும் துள்ளக்கூடாது. நம் வீடுகளில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தளும்பாமல் நடந்து வருவார்களே, அந்த நடை. ஆடுகளத்தைப் பிஸ்ட் என்பார்கள். 14 மீட்டர் நீளம், அகலம் ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர்வரை. ஏறக்குறைய எங்கள் அடுக்குமாடி புளோக்கின் நடைகூடம் மாதிரி ஒரு சந்து. பக்கவாட்டில் சுற்றி வர வழியில்லை, முன்னால் போகலாம், பின்னால் வரலாம், அவ்வளவுதான். சிலம்பத்தில் வட்டம் போட்டுப் பழகியவனுக்கு இந்தச் சந்து மூச்சு முட்டியது. மூன்றாவது மாதம்தான் அந்த நேர்கோட்டுக்குள்ளும் இடம் இருக்கிறது என்று பிடிபட்டது. எதிராளிக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் அந்த இடம். ஒரு பாய்ச்சலில் அவர் என்னைத் தொட முடியாத தூரத்தில் நிற்க வேண்டும், ஆனால் அரை அடி வைத்தால் நான் அவரைத் தொடும்படியும் இருக்க வேண்டும். இந்த அரை அடிக்காகத்தான் இரண்டு பேரும் முன்னும் பின்னும் அலைகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எதற்கு இப்படிக் குதிக்கிறார்கள் என்று தோன்றும், உள்ளே நின்றால் அது பேரம்.

இப்போது பாய்ச்சல். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் லஞ்ச், தமிழில் எழுதினால் மதியச் சாப்பாடு ஆகிவிடுகிறது, அதனால் பாய்ச்சல் என்றே சொல்கிறேன். இதில்தான் கை முதலில், கால் பிறகு என்பது முழுசாக வெளியே தெரியும்.

வாள் பிடித்த கை முதலில் நீளும், தோள் இறுகாமல், நுனி இலக்கைப் பார்த்தபடி. கை நீண்டு முடியும் நேரத்தில் முன் பாதத்தின் விரல்கள் தரையிலிருந்து எழும்பும். குதிகால் தரையை ஒட்டியபடியே முன்னால் வழுக்கிப் போகும், உயரத் தூக்கி மிதிப்பதில்லை. அதே நேரம் பின் கால் படாரென்று நிமிர்ந்து உடம்பைத் தள்ளும். தள்ளுவது பின் கால், முன் கால் வெறும் வழிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு எத்தனை வாரம் ஆனது தெரியுமா? முன் குதிகால் தரையில் இறங்கி, பாதம் படிந்து, முழங்கால் பாதத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பின் பாதம் தரையில் படிந்தே இருக்கும்.

முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை, தயவுசெய்து கவனியுங்கள். பாய்ந்து இறங்கும்போது முழங்கால் பாதம் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். உள்ளே சரியவும் கூடாது, கால் விரல்களைத் தாண்டிப் போகவும் கூடாது. ஆரம்பத்தில் தூரமாகப் பாய வேண்டும் என்ற ஆசையில் நான் முழங்காலைத் தாண்டவிட்டேன், உள்ளேயும் சரிந்தது. ஆறு வாரம் வலது முழங்காலின் உள்பக்கம் வலி. விரைவு ரயில் நிலையப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நீளமான பாய்ச்சல் தானாக வரும். தொடை பலப்பட்டால் வரும். முதல் மாதங்களில் சின்னதாக, சரியாகப் பாயுங்கள்.

ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், இரவு பத்து மணிக்கு மேல், ஆள் நடமாட்டம் குறைந்த பிறகு நான் பழகுவேன். வாளை அங்கே கொண்டுபோவதில்லை. அக்கம்பக்கத்தில் குழந்தைகளும் பெரியவர்களும் வந்து போகிற இடம், வாளோ பயிற்சிக்கூடத்தில் முகக்கவசத்தோடு மட்டும் எடுக்க வேண்டிய பொருள். வெறுங்கைதான். தரை ஓடுகளின் கோடு ஒன்றைப் பிஸ்டாக எடுத்துக்கொள்வேன். முன் குதிகாலுக்கு அடியில் ஓர் இருபது காசு நாணயம். சரியாகப் பாய்ந்தால் குதிகால் நாணயத்தைத் தட்டிவிட, அது தரையோடு தரையாகச் சறுக்கிக்கொண்டு நேராக முன்னால் ஓடும். காலைத் தூக்கி மிதித்தால் நாணயம் அதே இடத்தில் கிடக்கும். கோணலாகப் போனால் நாணயமும் கோணலாக ஓடித் தூண் பக்கம் போய்ச் சுற்றும். பொய் சொல்லாத ஆசிரியர் அந்த இருபது காசு. ஒரு நாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் நின்று நாலைந்து பாய்ச்சல் பார்த்துவிட்டு, ஓடிப்போன நாணயத்தைத் தானே எடுத்துவந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

சரி, கை ஏன் முதலில்? அழகுக்காக இல்லை. ஃபாயிலிலும் சேபரிலும் இது சட்டம். இருவருடைய வாளும் ஒரே சமயத்தில் இலக்கில் பட்டு இரண்டு பக்கமும் தொட்டதைக் காட்டும் விளக்கு எரிந்தால், யாருக்குப் புள்ளி என்று நடுவர் முடிவு செய்ய வேண்டும். யார் தாக்குதலை முதலில் தொடங்கினார் என்று பார்ப்பார். தாக்குதல் என்பது கை நீண்டுகொண்டே, இலக்கை மிரட்டிக்கொண்டே போவது. நீங்கள் கையை மடக்கிவைத்துக்கொண்டு ஓடிவந்தால், எத்தனை வேகமாக வந்தாலும் நடுவர் கண்ணில் அது தாக்குதல் ஆகாது. எதிராளி அந்த நேரத்தில் அமைதியாகக் கையை நீட்டினால் தாக்கும் உரிமை அவருக்குப் போய்விடும். எப்பேயில் இந்த உரிமைக் கணக்கு இல்லை. இரண்டு பேரும் இருபத்தைந்தில் ஒரு பங்கு வினாடிக்குள் தொட்டால் இருவருக்கும் புள்ளி. ஆனால் அங்கேயும் காலை முன்னால் விட்டு வந்தால் உங்கள் மணிக்கட்டிலோ முழங்கையிலோ அவர் நுனி முதலில் உட்கார்ந்துவிடும். ஆக எந்த வாளை எடுத்தாலும் இந்த வரிசை மாறுவதில்லை.

எனக்கு இது ஏன் இத்தனை கஷ்டமாக இருந்தது என்றும் புரிந்தது. பெரியப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு வரிசை. காலை ஊன்று, இடுப்பைத் திருப்பு, கம்பு தானாக வரும். கனமான கம்புக்கு அந்த வரிசைதான் சரி, பலம் தரையிலிருந்து ஏறி வர வேண்டும். ஃபாயில் நுனிக்கு அந்தப் பலமே வேண்டாம். அரைக் கிலோ எடை அழுத்தினால் நுனியில் இருக்கும் சின்ன வில் அமுங்கி விளக்கு எரியும், அவ்வளவுதான் கேட்கிறது. இரண்டு வரிசையும் என் உடம்பில் இப்போது இருக்கிறது. ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதவில்லை.

வாளைப் பிடிப்பது பற்றி: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் வாளை ஓட்டுகின்றன, மற்ற மூன்று விரலும் துணை. அம்மா கோலம் போடும்போது மாவைப் பிடிப்பாரே, இறுக்கினால் மாவு இறங்காது, தளர்த்தினால் கோடு தடிக்கும், அந்தப் பிடிதான் வேண்டும். இறுக்கிப் பிடித்த கையால் நுனியைச் சின்னதாக நகர்த்த முடியாது. சின்னதாக நகர்த்த முடியாவிட்டால், எதிராளி உங்கள் வாளைத் தள்ள வரும்போது அவர் வாளுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போக முடியாது. இந்த அசைவைச் சொல்லிக்கொடுத்தபோது பயிற்றுநர் ஆங்கில எழுத்து ஒன்றைச் சொன்னார், எனக்கு மனசில் பதியவில்லை. அந்தப் பெண்தான் காற்றில் எழுதிக் காட்டினாள்: “அண்ணா, இது நம்ம ‘ப’. இறங்கு, குறுக்கே போ, ஏறு.” கோடு போட்ட நோட்டில் எழுதும் அளவுக்கு ஒரு சின்ன ப. மணிக்கட்டு அசையக்கூடாது, விரல் மட்டும். அன்றிரவு ரயிலில் நின்றபடி விரலால் பப்பப்ப என்று எழுதிக்கொண்டே வீடு வந்தேன்.

தடுப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். எட்டு நிலைகள் உண்டு, தொடக்கத்தில் நாலும் ஆறும் போதும். வலது கைக்காரருக்கு நாலு என்பது இடது பக்கம் மூடுவது, ஆறு வலது பக்கம். கைக்காப்புக்கு அருகில் இருக்கும் வலுவான பகுதியால் எதிராளியின் வாளின் மெலிந்த நுனிப் பகுதியைத் தொட்டு ஓரம் கட்ட வேண்டும். அடிக்கத் தேவையில்லை, கதவை மூடுகிற மாதிரி ஒரு கையகலம் நகர்ந்தால் போதும். மூடியதும் பதில் குத்து. உரிமை இப்போது உங்களிடம்.

பாதுகாப்பை மட்டும் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் தனிநபர் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1982இல் ரோமில் நடந்த உலக வாகையர் போட்டியில் எதிராளியின் வாள் முறிந்து, முறிந்த முனை முகக்கவசத்தின் வலையைத் துளைத்ததில் காயப்பட்டுச் சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகுதான் கவசம், உடை, வாள் எஃகு எல்லாவற்றின் தரமும் இறுக்கப்பட்டது. இன்று நாம் நம்பி முகத்தை நீட்டும் வலைக்குப் பின்னால் அந்த மரணம் இருக்கிறது. கூடத்தில் யாராவது முகக்கவசம் போடாமல் இருக்கும்போது, விளையாட்டுக்குக்கூட வாள் நுனியை உயர்த்தாதீர்கள். வாள் பிடிக்கும் பக்கத்து அக்குளை மூடும் உள்சட்டை ஒன்று உண்டு, வெயிலூரில் அது வேகவைக்கும், கழற்றிவிடலாமா என்று தோன்றும். கழற்றாதீர்கள். பழைய வாளில் கூர்மையான வளைவோ விரிசலோ தெரிந்தால் அதோடு ஆடாமல் பயிற்றுநரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வாளை உயர்த்தி எதிராளிக்கும் நடுவருக்கும் வணக்கம் வைக்க வேண்டும், அது விதி. சிலம்பத்தில் மண்ணைத் தொட்டுக் கும்பிட்ட கைக்கு அது ஒன்றுதான் சொல்லிக்கொடுக்காமலே வந்தது.

ஆறாவது மாதக் கடைசியில் முதல் ஆட்டம். ஐந்து புள்ளி, மூன்று நிமிடம். எதிரே அதே பெண். முகக்கவசத்துக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. மூன்று புள்ளி அவள் எடுத்துவிட்டாள், மூன்றும் என் வாளைத் தாண்டிப் போன சின்னச் சின்ன ‘ப’க்கள். நாலாவது முறை அவள் முன் கால் என்னை நோக்கிக் கிளம்புவது தெரிந்தது. கை இன்னும் மடங்கியே இருந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. கை நீண்டது. கால் அதன் பின்னால் போனது. நுனி அவள் தோளுக்குக் கீழே பட்டு, வாள் கம்பி மேல்நோக்கி வில்லாக வளைந்தது, அந்த வளைவு கைப்பிடிவரை வந்து என் கட்டைவிரலில் முட்டியது. இரண்டு விளக்கும் எரிந்தன. நடுவராக நின்றவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

கடைசியில் 5-1 என்று அவள் வென்றாள். வணக்கம் வைத்து, கைகுலுக்கி, கவசத்தைக் கழற்றியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: “அண்ணா, அந்த நாலாவது... என் கால் முன்னாடி போச்சா?”

“ஆமாம்மா.”

அவள் கையுறையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். “சரி, பிடிங்க. நீங்க விடுங்க, நான் பிடிக்கிறேன்.”